கூட வந்த துவையல்

"ஜட்ஜம்மாவுக்குப் பசிச்சா யாருகிட்டம்மா போயிக் கேப்பாக?"

பாஜிலா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த மெகருன்னிசா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"ஏன்டி ஆத்தா, ஒனக்கு எதுக்கு அந்தக் கவல?"

"எல்லாரும் அவுககிட்டத்தான போயிக் கேக்குறாக. அவுகளுக்கு ஒண்ணு வேணும்னா?"

"அல்லாகிட்ட கேப்பாக."

"அல்லா சோறு பொங்கித் தருவானா?"

"நம்ம கையால தருவான். போ, போயி வீட்டுப்பாடத்த எழுது."

அப்போதைக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி கீரைத் தண்டோடு குப்பைக்குப் போய்விடவில்லை. உத்தமபாளையம் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் பக்கத்து வீட்டுக்கு நீதிபதி ஞானசெல்வி குடிவந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வயது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று இருக்கும். புருசனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. வாய்க்கிறபோது வந்து போவார். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் ஒற்றை ஆளுக்கு ஒற்றை விசில் குக்கர்தான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களை வாசலிலேயே கும்பிட்டு அனுப்பிவிடுவாள். கடைவீதியில் யாராவது எழுந்து நின்று கும்பிட்டால், கூச்சத்தில் அந்தக் கடைக்கே பிறகு போகமாட்டாள்.

இரண்டு வீட்டு அடுப்படிக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு சுவர். அதன்மேல்தான் மெகருன்னிசா முதல் வாரத்தில் ஒரு கூடை பன்னீர்த் திராட்சையை வைத்தாள். ஞானசெல்வி கூடையைத் தொடாமல் கைகூப்பினாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நான் யார்கிட்டயும் வாங்குறதில்ல. என் வேலை அப்படி."

"காசுக்கா குடுக்குறேன்? எங்க தோட்டத்துல காச்சது."

"அதனாலதான் இன்னும் பயமா இருக்கு" என்று சிரித்தாள் ஞானசெல்வி. "காசா இருந்தா வேண்டாம்னு சொல்றது சுலபம்."

மெகருன்னிசாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அடுத்த மாதம் நோன்பு வந்தது. பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பிறகு பெரிய அண்டாவில் கஞ்சி ஊற்றுவார்கள். ராவுத்தமார் பிள்ளைகள் மட்டுமல்ல, தெருவில் உள்ள அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கும். பாஜிலா வாங்கி வந்த கஞ்சியில் ஒரு சட்டியை மெகருன்னிசா சுவர்மேல் வைத்தாள்.

"இது எங்க வீட்டுது இல்ல. பள்ளிவாசல் கஞ்சி. ஊருக்குப் பூராம் ஊத்துறது. இதையும் வேணாம்னு சொன்னா, பெறகு நான் ஒங்ககூட பேசமாட்டேன்."

ஞானசெல்வி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். கஞ்சியோடு ஒரு கிண்ணத்தில் புதினாத் துவையலும் இருந்தது. வெறுங்கஞ்சியாகவா ஒரு மனுசிக்குக் கொடுப்பது?

அதிலிருந்து அந்தச் சுவர்தான் இரண்டு பேருக்கும் சாயங்காலம். கோர்ட்டைப் பற்றி ஞானசெல்வி ஒரு சொல் பேசமாட்டாள். முடி கொட்டுவது, மலைக்காற்றில் துணி பறந்துபோவது, சிலிண்டர்க்காரன் வராதது, அவள் அம்மா சாகும்போது தான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது, இவற்றைத்தான் பேசுவாள். மெகருன்னிசா கோழி அடைப்பதையும், பிள்ளைக்குப் பல் விழுந்ததையும் சொல்வாள். சொல்லும்படியாக எதுவும் இல்லாத நாளிலும் இரண்டு பேரும் அந்தச் சுவரில் கைவைத்து நிற்பார்கள். மேற்கே மலைமேல் வெயில் இறங்கும்வரை நிற்பார்கள்.

ஒன்றை மட்டும் மெகருன்னிசா சொல்லவில்லை. அவள் புருசன் ஷரீப்புக்குக் கோர்ட்டில் ஒரு தாவா இருந்தது.

சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல். ஷரீப்பின் அத்தா, பக்கத்துத் தோட்டத்து வேல்பாண்டியின் அப்பாவிடம் வாங்கியது. பத்திரத்தில், கிணற்றில் பாதிப் பாத்தியம் என்று எழுதியிருக்கிறது. ஒருநாள் அவர்கள், ஒருநாள் இவர்கள் என்று இரண்டு தலைமுறையாகத் தண்ணீர் ஓடியது. இடையில் கிணறு வற்றியது. வேல்பாண்டி தன் செலவில் கிணற்றுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் துளைத்து சைடு போர் போட்டான். தண்ணீர் வந்தது. "பத்திரத்துல எழுதுன கெணறு செத்துப்போச்சு. இப்ப ஊறுறது நான் போட்ட போர்த்தண்ணி" என்றான் வேல்பாண்டி. "கெணத்துக்குள்ள போட்ட போரு கெணத்துக்குச் சேந்தது" என்றான் ஷரீப். இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதனால்தான் பேசித் தீரவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். வாய்தா வாய்தாவாக நாலு வருசம். அதுவரைக்கும் சண்டைக்கு நடுவிலும் தண்ணீர் ஓடத்தான் செய்தது. இந்தத் தை பிறந்ததும் வேல்பாண்டி மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டான்.

அந்தக் கோர்ட்டுக்குத்தான் ஞானசெல்வி நீதிபதி. முன்பிருந்தவர் மாற்றலாகிப் போக, கட்டுக் கட்டாய் இருந்த பழைய வழக்குகளோடு இதுவும் அவள் மேசைக்கு வந்திருந்தது. தாவாவில் சுருளிப்பட்டி விலாசம்தான் இருந்தது. பிள்ளை படிப்புக்காக உத்தமபாளையம் வந்தது பிற்பாடு. ஷரீப் விடியும் முன்னே மொபெட்டில் தோட்டத்துக்குப் போனால் இருட்டித்தான் வருவான். ஞானசெல்வி அவன் முதுகைப் பார்த்திருப்பாள், முகத்தைப் பார்த்ததில்லை.

மெகருன்னிசாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சிபாரிசு கேட்ட மாதிரி ஆகிவிடும். ஒரு பொம்பளை நம்பிச் சுவர்ப்பக்கம் வந்து நிற்கிறாள். அவளிடம் போய், எங்க கேஸும் ஒங்ககிட்டத்தான் இருக்கு என்று எப்படிச் சொல்வது? சரி, அதற்காக, வருசம் திரும்பி வந்த இந்த நோன்புக்குக் கஞ்சியை நிறுத்தலாம் என்றால், அது அதைவிடக் கேவலம். காரியம் வந்ததும் சட்டியை மடக்கிக்கொண்டாள் என்றல்லவா ஆகும்? மரியாதை தெரிந்தவள் செய்யக்கூடியது எதுவோ அதை அவள் செய்தாள். சொல்லாமலும் இருந்தாள், கொடுப்பதை நிறுத்தாமலும் இருந்தாள்.

மாசி வெயில் ஏறியிருந்த ஒரு நாள், நோன்பு வைத்த வாயோடு ஷரீப் சாட்சிக் கூண்டில் ஏறினான். பூட்டைப் பார்த்த சாட்சி என்று மெகருன்னிசாவையும் கூட்டிப் போயிருந்தான். அவள் கடைசி பெஞ்சில், தூணுக்கு மறைவாக, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மேலே கறுப்புக் கோட்டில் இருந்தவள் வேறு யாரோ மாதிரி இருந்தாள். தன்னை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று மெகருன்னிசா மனசுக்குள் ஓதிக்கொண்டே இருந்தாள். பார்த்தால் பிச்சை கேட்டு வந்தது போல இருக்கும்.

சத்தியம் வாங்கினார்கள். பேரைச் சொன்னான். விலாசம் கேட்டார்கள்.

"சொந்த ஊரு சுருளிப்பட்டிப் பக்கம். இப்பக் குடியிருக்கிறது உத்தமபாளையம், பள்ளிவாசல் பின்சந்து."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. ஞானசெல்வி தலையைத் தூக்கினாள்.

"பச்சை கேட் போட்ட வீடா?"

"ஆமாங்கம்மா."

அவள் கண் கூடத்தை ஒருமுறை சுற்றி வந்தது. தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முக்காட்டுக்குள்ளிருந்து மெகருன்னிசா அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டாள். அதில் கோபம் இல்லை. சாயங்காலம் வெயில் இறங்கியதும், சரி போகலாம் என்று சுவரிலிருந்து கையை எடுப்பாளே, அந்த மாதிரி இருந்தது.

ஞானசெல்வி பேனாவை மூடி வைத்தாள்.

"இந்த வழக்க நான் விசாரிக்கக் கூடாது. எங்க வீட்டுக்கும் வாதி வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவர்தான். அது எனக்கு இப்பத்தான் தெரியுது. போன நோன்புக்கும் இந்த நோன்புக்கும் அவங்க வீட்டுல இருந்து எனக்குக் கஞ்சி வந்துச்சு. நான் வாங்கிக் குடிச்சிருக்கேன்."

ஷரீப்பின் வக்கீல் மதன்குமார் பதறி எழுந்தார். "அம்மா, நோன்புக் கஞ்சி பள்ளிவாசல்ல எல்லாருக்கும் ஊத்துறது. நானே வாங்கிக் குடிப்பேன். அது பொதுக் கஞ்சிங்கம்மா."

"கஞ்சி பொதுதான். கூட வந்த துவையல் இவங்க வீட்டுது."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. டவாலிச் சேவகன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஞானசெல்வி சிரிக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு தானாக அடங்கிப்போனது.

எதிர்த்தரப்பு வக்கீல் பொன்னுராஜ் எழுந்தார். "எங்க தரப்புக்கு ஆட்சேபணை இல்லம்மா. உங்க மேல முழு நம்பிக்கை இருக்கு. நீங்களே விசாரிக்கலாம்."

"உங்களுக்கு இருக்கு சார். உங்க பின்னால நிக்கிறவருக்கு?"

எல்லாரும் திரும்பி வேல்பாண்டியைப் பார்த்தார்கள். அவன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நாளைக்கு நான் என்ன தீர்ப்பு எழுதினாலும், வீட்டுக்குப் போய்ப் படுக்கும்போது அவர் மனசுல ஒரு கேள்வி வந்தா, அதுக்கு நான் அங்க போய்ப் பதில் சொல்ல முடியாது. மாவட்ட நீதிபதிக்கு எழுதி அனுப்புறேன். வேற கோர்ட்டுக்கு மாத்துவாங்க. தாமதம் ஆகும். ரெண்டு தரப்புக்கும் அது கஷ்டம்னு எனக்குத் தெரியும். வருத்தப்படுறேன்."

அவ்வளவுதான். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு நோன்பு திறக்கப் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்த பிறகுதான் ஷரீப் ஆரம்பித்தான்.

"ஜெயிக்கிற கேஸு. மதன்குமாரு சத்தியம் பண்ணுனாரு, இந்த மாசம் உத்தரவு வாங்கிருவோம்னு. ஒரு கிண்ணம் துவையல்ல கரைச்சு ஊத்திட்ட."

"நான் என்னத்தக் கண்டேன்?"

"கேஸு இருக்குன்னு தெரியும்ல? பெறகு எதுக்குச் சட்டியத் தூக்கிக்கிட்டுப் போற?"

"கேஸு இருக்குன்னு நிறுத்துனா அவுக என்ன நெனப்பாக?"

"ஒண்ணும் நெனைக்க மாட்டாக. திங்க ஒண்ணும் வரலையேன்னு வேணா நெனப்பாக."

"அப்படிச் சொல்லாதீக. திராட்சக் கூடையத் திருப்பி அனுப்புனவுக அவுக."

ஷரீப்பின் தம்பி அல்தாப் நோன்பு திறக்க வந்திருந்தான். வாழைக்காய் வியாபாரி, வாய் சும்மா இருக்காது. "விடுண்ணே. மதினி, நீங்க ஒண்ணு பண்ணுங்க. இனிமே வேல்பாண்டி வீட்டுக்கும் ஒரு சட்டி அனுப்பிருங்க. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் சரிக்குச் சரியாப் போகும்."

"எந்திரிச்சுப் போலே" என்றாள் மெகருன்னிசா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஷரீப் சிரிக்கவில்லை. கையில் இருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"கொடி சாகப் போகுது மெகரு. நீ தோட்டத்துப் பக்கம் வந்து பாரு. பெறகு சிரி."

மறுநாள் சாயங்காலம் பாஜிலா கஞ்சி வாங்கி வந்தாள். மெகருன்னிசா பழக்கத்தில் இரண்டு சட்டியில் ஊற்றிவிட்டாள். சுவர்வரைக்கும் எடுத்துப் போனாள். அந்தப் பக்கத்து அடுப்படிச் சன்னல் சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. சட்டியைச் சுவர்மேல் வைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். பாங்கு சொல்லும் நேரம் ஆனதும் திரும்பி வந்துவிட்டாள்.

அந்த நோன்பு முழுக்க அப்படித்தான் போனது. பால்காரனிடம் பால் வாங்கும்போது எதிர்ப்பட்டால் ஞானசெல்வி தலையை அசைத்து லேசாகச் சிரிப்பாள், நிற்கமாட்டாள். குக்கர் ஒரு விசில் அடிக்கும். கொடியில் வெள்ளைச் சேலை காயும். இருமல் சத்தம் கேட்டால், தூதுவளை ரசம் வைத்துக் குடிங்கள் என்று சொல்ல மெகருன்னிசாவுக்கு நாக்கு வரைக்கும் வரும். சொந்தக்காரர்கள் செத்தால்கூட மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி, சாப்பிட்டு, மனசை ஆற்றிக்கொள்ளலாம். இது உயிரோடு இருக்கிற ஆள், கைநீட்டினால் தொடும் தூரத்தில். இதற்கு என்ன ஓதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபமும் இருந்தது. வீட்டுக்குள் வந்து தனியாகச் சொல்லியிருக்கலாமே, அத்தனை பேர் முன்னால் துவையலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? சுவரைப் பார்த்தால் அந்தக் கோபம் ஏக்கமாக மாறிவிடும். வீட்டுக்குள் வந்தால் மறுபடி கோபமாகிவிடும்.

தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தாள். ஷரீப் சொன்னது கொஞ்சம்தான். பந்தலில் காய் மிளகுப் பருவத்தில் நின்றுவிட்டிருந்தது. இலைகள் ஓரம் சுருண்டு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கின. தூரத்துத் தோட்டக்காரரிடம் கெஞ்சி எப்போதாவது ஒரு நாள் ஓஸ் போட்டுத் தண்ணீர் வாங்கினார்கள். அது வேர் நனையக் காணாது. எல்லாக் குலையையும் காப்பாற்ற முடியாது என்று, பாதிக் குலைகளை வெட்டிவிட இரண்டு பேரும் கத்தரியை எடுத்தார்கள். தான் வளர்த்ததைத் தானே வெட்டிக் கீழே போடுவது பாவம் போல இருந்தது. ஒவ்வொரு குலைக்கும் ஷரீப் வாய்க்குள் பிஸ்மி சொன்னான். அறுப்புக்குச் சொல்வது போலச் சொன்னான்.

அப்போது வரப்பு ஓரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. வேல்பாண்டி நின்றான்.

"என்ன மாப்ளே, நோம்பா?"

ஷரீப் திரும்பவில்லை. "கேட்டுத் தெரியணுமாக்கும்."

"கொடி இப்படி வாடிப்போச்சே."

"பூட்டுனவரு கேக்குற கேள்வியா மச்சான் இது?"

வேல்பாண்டி துண்டை உதறிப்போட்டு வரப்பில் உட்கார்ந்தான். "வையி. வைய வேண்டியதுதான். ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். கேட்டுட்டுப் பெறகு வையி. தங்கச்சி, நீயும் கேட்டுக்க."

மெகருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எங்க சின்னம்மா மகன் கர்ணனத் தெரியும்ல? ஒங்க தெருவுல பால் ஊத்துறவன். அவன் வந்து சொன்னான், 'அண்ணே, ஒங்க கேஸு முடிஞ்சுபோச்சு. ராவுத்தர் வீட்டுக்கும் ஜட்ஜு வீட்டுக்கும் சுவத்து மேல சட்டி போகுது, சட்டி வருது. ரெண்டு கண்ணால பாத்தேன்'னு."

மெகருன்னிசாவின் கையிலிருந்த கத்தரி அப்படியே நின்றது.

"அத ஒங்க வக்கீல்கிட்ட சொல்லிருக்க வேண்டியதுதானண்ணே?"

"சொல்லி? ஜட்ஜு மேல ஜட்ஜுகிட்டயே பிராது குடுக்கவா? நம்மளப் போல ஆளுகளுக்கு ஒலகம் இப்படித்தான் தங்கச்சி. நடக்குறது நடக்கட்டும்னு இருக்குறது. ஆனா ஒண்ணு. அன்னைக்கு நான் கோர்ட்டுக்கு ஜெயிக்க வரல. தீர்ப்புல தோத்ததும் நேரா இங்கன வந்து, மோட்டாரக் கழட்டிக் கெணத்துக்குள்ள எறிஞ்சுறணும்னு இருந்தேன். எனக்கும் இல்ல, ஒங்களுக்கும் இல்லேன்னு. எம் பொண்டாட்டி பாண்டீஸ்வரி கால்ல விழுந்து தடுத்தா. கேக்கலையே நான்."

ஷரீப் இப்போது திரும்பினான்.

"அந்தம்மாவ யாரும் கேக்கல மாப்ளே. ஒரு பய வாயத் தொறக்கல. எவனுக்கும் தெரியாது, எனக்கும் கர்ணனுக்கும் தவிர. அது தானா எந்திரிச்சுச் சொல்லுது. கஞ்சியச் சொல்லுச்சு, சரி. துவையலையும் சொல்லுச்சு பாரு! எனக்கு அங்கனயே ஒடம்பு கூசிப்போச்சு. 'பின்னால நிக்கிறவருக்கு?'ன்னு என்னையப் பாத்துக் கேட்டப்ப, எம் மனசுக்குள்ள இருந்தத எடுத்துக் கையில வச்சுக் காட்டுன மாதிரி இருந்துச்சு. எங்கப்பனாத்தா கூட என்னைய அப்படி மதிச்சதில்ல."

ஷரீப் வெட்டிப்போட்ட குலை ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"அதனால என்ன சொல்ற? கெணறு எங்களுக்கும் உண்டுன்னு ஒத்துக்கிறியா?" என்றான் ஷரீப்.

வேல்பாண்டி விருட்டென்று நிமிர்ந்தான். "யாரு சொன்னா? கெணறு என்னோடதுதான். அதுல முடியளவு மாத்தமில்ல. நீ ஒஞ் சண்டையப் போடு, நான் எஞ் சண்டையப் போடுறேன். தேனிக்கு மாத்தியிருக்காகளாம்ல? அங்கன எந்த ஜட்ஜு என்ன சொன்னாலும் கட்டுப்படுறேன். முந்தி அப்படிச் சொல்லிருக்க மாட்டேன். இப்பச் சொல்றேன். அதுவரைக்கும் கொடி என்ன பாவம் பண்ணுச்சு? பழைய மாதிரி ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துக்க. சாவி மோட்டார் ரூம் ஓட்டுக்கு அடியில இருக்கு."

"வக்கீலக் கேக்கணும்."

"கேளு. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு. எங்காளும் அதத்தான் சொல்லுவாரு. மொதல்ல தண்ணியக் கட்டிட்டுப் பெறகு கேளு."

எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போனான். நாலடி போய்த் திரும்பினான். "மாப்ளே, அந்தக் கத்தரியக் கீழ போடு. மிச்சக் குலையாச்சும் தப்பிக்கட்டும்."

அன்று சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது ஷரீப் வெயிலில் காய்ந்த உதட்டோடு மடையில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒங்க ஜட்ஜம்மா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. மெகருன்னிசாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. இதைச் சுவர்மேல் கைவைத்து ஒருத்தியிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லக் கூடாது என்று இப்போது அவளுக்குத் தெரியும். தேனியில் வழக்கு நடக்கிறது, சுவரோரப் பேச்சை யாராவது கண்டால் மறுபடி சந்தேகம்தான். அந்த ஒரு சேதிதான் அவளுக்குச் சேர வேண்டியது. அந்த ஒரு சேதிதான் அவளிடம் போகக் கூடாதது.

வைகாசியில் ஞானசெல்விக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வாசலில் சிறிய லாரி ஒன்று நின்றது. கட்டில், பீரோ, நாலைந்து அட்டைப்பெட்டிப் புத்தகம். அடுப்படிச் சன்னல் திறந்திருப்பதைப் பார்த்து மெகருன்னிசா பின்பக்கம் வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஞானசெல்வி நின்றிருந்தாள்.

"அக்கா."

அத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சொல். மெகருன்னிசா சுவர்மேல் கையை வைத்தாள்.

"எங்கன போட்டுருக்காக?"

"கடலூர்ப் பக்கம்."

"தூரமாச்சே."

"தூரந்தான். என் மேல கோவமாக்கா?"

"இருந்துச்சு. இல்லேன்னா பொய்யாப் போகும். இப்ப இல்ல."

ஏன் இல்லை என்று ஞானசெல்வி கேட்கவில்லை. மெகருன்னிசாவும் சொல்லவில்லை. ஞானசெல்வி தன் கையையும் சுவர்மேல் வைத்தாள்.

"அந்தத் துவையலுக்கு என்னென்ன வச்சு அரைப்பீங்க? நானும் அரைச்சு அரைச்சுப் பாத்துட்டேன். அந்த ருசி வரல."

"புதினாவ வதக்குனீகளா?"

"நல்லா வதக்கினேனே."

"அதான! வதக்கக் கூடாது. பச்சையா அரைக்கணும். தேங்காச் சில்லத்தான் கங்குல சுடணும், ஓரம் கருக. புளியக் கடைசில வச்சு ஒரு சுத்து."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். நோம்பு திறக்குற பசியும் வேணும். அத நான் எங்கன இருந்து குடுக்க?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஞானசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லாரிக்காரன் ஆரன் அடித்தான். பாஜிலா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவளுக்கு முத்தம் ஒன்றைச் சொல்லிவிட்டு ஞானசெல்வி போனாள். அந்த வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. சாயங்காலம் மெகருன்னிசா அடுப்படிக் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டாள்.

ஆனி பிறந்தது. மலைமேல் மேகம் கூடியது. கீழே காற்று மட்டும்தான் வந்தது. அந்த வருசம் சாரல் ஏமாற்றிவிட்டது. சுருளிப்பட்டிக்குக் கீழே மண் வெடித்துக் கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. தண்ணீர் முறை ஷரீப்புடையது. அவன் ஜும்மாவுக்குக் கம்பம் போகும்போது, "கரண்டு வந்ததும் மோட்டாரப் போட்டு மேல் வரிசைக்குத் திருப்பிரு. நான் தொழுதுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கரண்டு வந்தது. மெகருன்னிசா மோட்டாரைப் போட்டுவிட்டு மம்பட்டியோடு மடைக்கு வந்தாள். அங்கேயிருந்து பார்த்தால் வேல்பாண்டியின் பந்தல் தெரியும். பத்து நாளைக்கு முன்னால்தான் அவன் கவாத்துப் பண்ணியிருந்தான். இலை முழுக்க உதிர்த்து, குச்சி குச்சியாக வெட்டிவிட்ட கொடிகள். கவாத்து முடிந்த கொடிக்கு உடனே தண்ணீர் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கண் விடாது, ஒரு போகமே போய்விடும். மறுநாளே பாண்டீஸ்வரிக்கு வயிற்றில் வலி வந்து, மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேசன் என்று சொல்லிவிட்டார்கள். வேல்பாண்டி அங்கேயே கிடந்தான். அவன் முறை நாளெல்லாம் மோட்டார் சும்மா கிடந்தது. வெட்டிய குச்சிகளின் நுனி வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

மெகருன்னிசா சுற்றிலும் பார்த்தாள். உச்சி வெயில். ராவுத்தமார் எல்லாம் பள்ளிவாசலில். மற்றவர்கள் கஞ்சி குடித்துவிட்டு நிழலில் படுத்திருப்பார்கள். வரப்பில் ஒரு காக்கைகூட இல்லை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் பக்கத்து மடையை அடைத்தாள். அந்தப் பக்கத்து மடையைக் கொத்தித் திறந்தாள். தண்ணீர் ஒரு நொடி தயங்கியது போலத் தேங்கி, பிறகு தடதடவென்று அந்தக் காய்ந்த வாய்க்காலுக்குள் பாய்ந்தது. வெடிப்புக்குள் போனது, மண் முதலில் குடித்துவிட்டுத்தான் அடுத்த அடிக்கு விட்டது. அவள் கூடவே நடந்தாள். எங்கே உடைகிறதோ அங்கே மண் வைத்தாள். எங்கே நிற்கிறதோ அங்கே காலால் வழி கீறிவிட்டாள். ஒவ்வொரு கொடியின் தூரிலும் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும்வரை பொறுத்தாள். கடைசி வரிசையின் கடைசிக் கொடிக்குப் போய்ச் சேர வெகு நேரம் ஆனது.

திரும்பி வந்து அந்த மடையை மூடினாள். மூடிய இடத்தை மிதித்துச் சமமாக்கினாள். காற்று அடிக்கிற அடிக்குச் சாயங்காலத்துக்குள் ஈரமும் தெரியாது. தன் பக்கத்தைத் திறந்துவிட்டாள். வாய்க்காலிலேயே கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, பந்தல் நிழலில் துண்டை விரித்து லுஹர் தொழுதாள். சலாம் கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கையேந்தியபடி உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்வதற்கில்லை, சொல்லும்படியான ஆளும் பக்கத்தில் இல்லை. மனசு என்னவோ நிறைந்துதான் இருந்தது.

மொபெட் சத்தம் கேட்டது. ஷரீப் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே வந்து மேல் வரிசையைப் பார்த்தான். தண்ணீர் அப்போதுதான் முதல் கொடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்ன மெகரு, இன்னும் இங்கனயே நிக்குது? கரண்டு போயிட்டு வந்துச்சா?"

மெகருன்னிசா தூக்குச்சட்டியைத் திறந்து அவனுக்குச் சோற்றை எடுத்து வைத்தாள்.

"வந்துக்கிட்டிருக்கு. நீங்க ஒக்காந்து சாப்பிடுங்க."